உப்புக்கண்டமும் டயட் சார்ட்டும்

போன வருடம் என் எடை 84 கிலோ. வீடு ஸ்ரீவில்லிபுத்தூர், வேலை ராஜபாளையம். நாள் முழுக்க பஸ், கூட்டம், டீ, வடை. கொழுப்பு மட்டும் குறைய வேண்டும் என்று ராஜபாளையத்தில் ஒரு ஜிம்மில் சேர்ந்தேன்.

பயிற்சியாளர் நல்ல பையன். பட்டினி கிடந்தால் தசையும் சேர்ந்து கரையும். எடை தூக்கணும், உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதமாவது சாப்பிடணும் என்றார். சரிதான். ஆனால் சார்ட்டில் பன்னீர், வே பவுடர், கோழி நெஞ்சுக்கறி. என் சம்பளத்துக்கு ஆகாது.

"மாட்டுக்கறி சாப்பிடலாமா?" என்று கேட்டேன். பக்கத்தில் டம்பெல் தூக்கியவர் திரும்பிப் பார்த்தார். "அதெல்லாம் இங்க பேசாதீங்கண்ணே" என்றார் பயிற்சியாளர், குரலைத் தாழ்த்தி. சாப்பிடக் கூடாது என்று அவர் சொல்லவில்லை.

கொழுப்பு நீக்கிச் சமைத்த மாட்டுக்கறி 100 கிராமில் ஏறக்குறைய 26 கிராம் புரதம். இரும்புச்சத்தும் பி12உம் வேறு. மாட்டுக்கறிக்கும் தீண்டாமைக்கும் உள்ள தொடர்பை அம்பேத்கர் 1948இலேயே புத்தகமாக எழுதினார். அதைப் படித்து எம்.ஏ. தேர்வெழுதியவன் நான். அன்று வாயடைத்து நின்றேன்.

அம்மா சித்தாள். செங்கல் சுமந்த உடம்புக்கு உப்புக்கண்டம்தான் தெம்பு. யாராவது வீட்டுக்கு வந்தால் கொடியில் காய்வதை அவசரமாக உருவி உள்ளே ஒளிப்பார். அந்த அவசரம் எனக்குள்ளும் இருந்திருக்கிறது.

மறுநாளிலிருந்து டிபன் பாக்ஸை ஜிம் வாசல் பெஞ்சிலேயே திறந்தேன். ஏழு மாதத்தில் 76 கிலோ. (பால்கோவாவை விட்டதுதான் பெரும்பாடு.) டெட்லிஃப்டில் தூக்கும் எடை குறையவில்லை, கூடியிருக்கிறது.

இந்த மாதச் சார்ட்டில் பன்னீரை அடித்துவிட்டு 'கறி' என்று மட்டும் எழுதித் தந்திருக்கிறார்.