ஒரே வீட்டில் வாழ்பவர்கள்

2020 மார்ச் 13, வெள்ளி

பள்ளி மாணவர் பரிமாற்றம் என்பது, பதினைந்து முதல் பதினெட்டு வயதுக்குள் உள்ள ஒருவர் ஏறக்குறைய ஒரு கல்வியாண்டு வேறொரு நாட்டுக் குடும்பத்தோடு தங்கி அங்குள்ள பள்ளியில் படிப்பது. ஜெர்மனியில் ஹோஸ்ட் குடும்பங்கள் பெரும்பாலும் இதற்குப் பணம் வாங்குவதில்லை. அறையும் சாப்பாடும் தருகின்றன. தங்கள் பிள்ளைகளுக்குள்ள விதிகளையே வந்தவருக்கும் சொல்கின்றன. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு, இவர் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார் என்று குடும்பம் கையெழுத்திட்ட தாள் வேண்டும். தபால் பெட்டியிலும் பெயரை ஒட்ட வேண்டும். பெட்டியில் பெயர் இல்லாதவருக்கு இங்கே கடிதம் வந்து சேராது. மியூன்ஸ்டருக்கு அருகில் உள்ள இந்தச் சிற்றூரில், கோயம்புத்தூரிலிருந்து வந்த மாணவியின் பெயர் சென்ற செப்டம்பர் முதல் ஒரு பெட்டியில் ஒட்டியிருக்கிறது.

கொரோனா பரவலால் இன்று பள்ளிகளை மூடும் அறிவிப்பு வந்தது. ஜெர்மனியில் பள்ளிக்கல்வி மாநிலங்களின் அதிகாரம். 16 மாநிலங்களும் தனித்தனியே முடிவெடுக்கின்றன. இந்த ஊர் உள்ள நார்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலியா திங்கள் முதல் ஏப்ரல் 19 வரை, அதாவது ஈஸ்டர் விடுமுறை முடியும்வரை மூடுகிறது. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு இது நீண்ட விடுமுறை. பரிமாற்ற மாணவிக்கு இழப்பு அதைவிடப் பெரிது. வீட்டுக்கு வெளியே அவளுக்கு உள்ள எல்லாமே, மொழியும் தோழிகளும் சைக்கிளில் போய்வரும் வழியும், பள்ளி வழியாக வந்தவை. இங்கே மதிப்பெண் 1 முதல் 6 வரை. 1 தான் உயர்ந்தது. வகுப்பில் கை தூக்கிப் பேசுவதற்கும் மதிப்பெண்ணில் பெரிய பங்கு உண்டு. ஜனவரிக்குப் பிறகுதான் அவளுடைய கை எழத் தொடங்கியிருந்தது.

மார்ச் 17, செவ்வாய்

பரிமாற்ற அமைப்பின் கடிதம் வந்துவிட்டது. திட்டம் முடிகிறது, மாணவர்கள் எல்லோரும் ஊர் திரும்ப வேண்டும், 20ஆம் தேதிக்கு டிக்கெட் போடப்பட்டிருக்கிறது. ஆனால் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலிருந்து புறப்படும் பயணிகள் நாளை, 18ஆம் தேதி, இந்திய நேரம் மாலை 5.30க்குப் பிறகு இந்தியாவுக்கு விமானம் ஏற முடியாது என்று இந்திய அரசு நேற்றே உத்தரவிட்டிருக்கிறது. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கும் விலக்கு இல்லை. கடிதம் எழுதியவர்கள் அந்த உத்தரவைப் பார்த்திருக்கவில்லை. மாலையில் ஹோஸ்ட் அப்பா தொலைபேசியில் அதைப் படித்துக் காட்ட வேண்டியிருந்தது.

பரிமாற்றத் திட்டங்களின் வரலாற்றை இந்த இடத்தில் நினைவுகொள்ள வேண்டும். ஏ.எஃப்.எஸ். என்ற பரிமாற்ற அமைப்பு 1915இல் பிரான்ஸ் போர்முனையில் காயம்பட்டவர்களை ஏற்றிச்சென்ற அமெரிக்கத் தன்னார்வ ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களிடமிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போரின் அழிவைப் பார்த்த அந்த அமைப்பின் ஓட்டுநர்கள் 1947இல் பள்ளி மாணவர்களைக் குடும்பங்களில் தங்கவைக்கத் தொடங்கினார்கள். ஒய்.எஃப்.யு. என்ற இன்னோர் அமைப்பு 1951இல் ஜெர்மன் பிள்ளைகளை அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலக் குடும்பங்களுக்கு அழைத்துச் சென்றதில் பிறந்தது. பிரான்சும் ஜெர்மனியும் 1963இல் எலிசே ஒப்பந்தம் செய்துகொண்டு, அதே ஆண்டில் இளைஞர்களுக்கென ஒரு கூட்டு அலுவலகத்தையும் அமைத்தன. நேற்றுவரை எதிரியாக இருந்தவரின் பிள்ளை நம் மேசையில் உட்கார்ந்து சாப்பிடட்டும் என்ற எண்ணம் இவை எல்லாவற்றுக்கும் பொது. பேரிடர் முடிந்த பிறகு நடக்க வேண்டிய வேலையாகத்தான் இவை வகுக்கப்பட்டன. பேரிடரின் நடுவே மேசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை என்ன செய்வது என்பதற்குக் கையேட்டில் ஒரே பதில்தான் உண்டு: பெற்றோரிடம் அனுப்பு. அது பொறுப்பான பதில். வழி இருந்தால்.

மார்ச் 18, புதன்

ஜெர்மன் சான்சலர் அங்கேலா மெர்கல் புத்தாண்டு வாழ்த்துக்கு அல்லாமல் முதன்முறையாக நாட்டு மக்களுக்குத் தொலைக்காட்சியில் உரையாற்றினார். வீட்டில் யாரும் எழுந்து போகவில்லை.

மார்ச் 23, திங்கள்

நள்ளிரவு முதல் புதிய ஆணை. பொது இடத்தில் இரண்டு பேருக்கு மேல் கூடக்கூடாது; மீறினால் இந்த மாநிலத்தில் ஆளுக்கு 200 யூரோ அபராதம். நேர்வழி உறவினர்களுக்கும் கணவன் மனைவிக்கும் விலக்கு உண்டு. ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்பவர்களுக்கும் உண்டு. ஆணையைப் படித்ததும் ஹோஸ்ட் குடும்பத்துக்கு எழுந்த கேள்வி மிக எளியது: ஐந்து பேரும் சேர்ந்து கால்வாய்க்கரையில் நடக்கலாமா? அப்பா, அம்மா, பதினாறு வயது மகன், பன்னிரண்டு வயது மகள் ஆகிய நால்வரும் முகச்சாயலாலேயே ஒரு குடும்பம் என்று தெரியும். ஐந்தாமவளுக்கு அந்தச் சாயல் இல்லை.

பரிமாற்ற மாணவர் என்ற பிரிவு ஆணையில் எங்கும் இல்லை. விருந்தினர் என்ற பிரிவும் இல்லை. ஒருவர் அந்த வீட்டில் வாழ்கிறாரா, இல்லையா என்பதை மட்டுமே அது கேட்கிறது. செப்டம்பரில் நகராட்சி முத்திரையிட்டுக் கொடுத்த பதிவுச்சீட்டே அதற்குப் பதில். ஹோஸ்ட் அம்மா அதைத் தேடி எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, மாணவியின் மேற்கோட்டுப் பையில் வைத்தார். யாராவது கேட்டால் காட்டு என்றார். கால்வாயோரம் காவல்துறை வண்டி ஒன்று மெதுவாகக் கடந்து போனது. யாரும் எதுவும் கேட்கவில்லை.

கடைகளிலும் இதே கணக்குதான். கழிவறைத்தாள், மாவு, ஈஸ்ட் இருந்த அடுக்குகள் காலி. ஒரு வீட்டுக்கு வழக்கமாக வேண்டிய அளவு மட்டும் என்று அட்டை தொங்குகிறது. ஒலிபரப்புக் கட்டணம்கூட ஆள் கணக்கில் இல்லை. எத்தனை பேர் இருந்தாலும் வீட்டுக்கு மாதம் 17.50 யூரோ. ஜெர்மன் நிர்வாகத்தின் பல கணக்குகள் வீட்டில் தொடங்கி வீட்டில் முடிகின்றன என்பது சாதாரண நாட்களில் கண்ணில் படாது.

மார்ச் 25, புதன்

இந்தியாவில் 21 நாள் ஊரடங்கு. கோவையிலிருந்து பேசிய அம்மா அழவில்லை, "சாப்டியா கண்ணு, அந்தக்கா என்ன செஞ்சு குடுத்தாங்க" என்று மட்டும் கேட்டார்.

மார்ச் 29, ஞாயிறு

ஐரோப்பாவில் கோடைகால நேரம் தொடங்கியது. கோவைக்கும் இந்த ஊருக்கும் இடையிலான நேர வித்தியாசம் நாலரை மணியிலிருந்து மூன்றரை மணியாகக் குறைந்திருக்கிறது. ஊரோடு பேச ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கிறது. அதில் சொல்வதற்குத்தான் ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 4, சனி

மாலைச் சாப்பாடு இந்த வீட்டில் ஆறரை மணிக்கு. அடுப்பு மூட்டாத சாப்பாடு அது. ஆளுக்கொரு மரப்பலகை; நடுவில் தடித்த தோலுள்ள ரை தானிய ரொட்டி, வெண்ணெய், கௌடா பாலாடைக்கட்டி, வெள்ளரி, ஊறுகாய்; அசைவர்களுக்கு சாசேஜ் துண்டுகள். ரொட்டியை ஹோஸ்ட் அப்பா இப்போது தானே சுடுகிறார், ஈஸ்ட் கிடைக்கும் வாரங்களில். குளிர் எவ்வளவு இருந்தாலும் சாப்பிடுவதற்கு முன் எல்லாச் சன்னல்களையும் ஐந்து நிமிடம் அகலத் திறந்துவிட்டு மூடுவார்கள். மாதக்கணக்கில் பழகிய பிறகும் அந்த ஐந்து நிமிடமும் ஸ்வெட்டருக்குள் கையை இழுத்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது.

இன்று குளிர்பதனப் பெட்டியில் புதிய வேலைப்பட்டியல் ஒட்டப்பட்டது. முன்பு மாணவிக்குப் பாத்திரம் கழுவும் இயந்திரத்தைக் காலி செய்வது மட்டும்தான். இப்போது கழிவறை கழுவுதல், மாடிப்படி, குப்பை எல்லாம் முறை வைத்து வருகின்றன: தாளுக்கு நீலத் தொட்டி, பொதியுறைகளுக்கு மஞ்சள், காய்த்தோலுக்குப் பழுப்பு, மிச்சத்துக்குக் கருப்பு. திட்டமே முடிந்துவிட்டது என்று கடிதம் வந்த பிறகு வேலை கூடுவது என்ன நியாயம் என்ற கோபம் நாள் முழுதும் இருந்தது. பிற்பகலில் இணைய இணைப்பு யாருக்கு முதலில் என்று வீட்டுப் பையனோடு சண்டை. கதவு அறைந்தது. ஹோஸ்ட் அம்மா படியேறி வந்து இருவரையும் நிறுத்தி, இருவரையும் ஒரே குரலில் திட்டினார். மார்ச்சுக்கு முன் மாணவியிடம் அவர் குரலை உயர்த்தியதே இல்லை. இரவு சாப்பாட்டின்போது அவரே வெள்ளரியை இந்தப் பக்கம் நகர்த்தினார். சமாதானம் என்று எதுவும் பேசப்படவில்லை. பட்டியல் அப்படியே இருக்கிறது.

ஏப்ரல் 12, ஈஸ்டர் ஞாயிறு

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் நகரங்கள் மீது குண்டு விழத் தொடங்கியபோது, அரசு பிள்ளைகளைக் கிராமங்களுக்கு அனுப்பியது. பத்து வயதுக்கு மேற்பட்டவர்கள் பெரும்பாலும் முகாம்களில். அதற்குக் கீழே உள்ளவர்கள் முன்பின் தெரியாத குடும்பங்களில். ஆட்சியின் நோக்கத்தில் நாஜி வளர்ப்பும் கலந்திருந்தது. அதை மறந்து இதைக் கருணைத் திட்டமாக மட்டும் எழுதுவது தவறு. மியூன்ஸ்டர் மீது பெருந்தாக்குதல் 1943 அக்டோபர் 10இல் நடந்தது. ஹோஸ்ட் அம்மாவின் தாயார் அப்போது ஏழு வயதுச் சிறுமி. தெற்கே ஒரு பண்ணை வீட்டில் இரண்டு குளிர்காலம் கழித்தவர்.

இப்போது அவர் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். மார்ச் நடுவிலிருந்து இல்லங்களில் பார்வையாளர்களுக்குத் தடை. புதன்தோறும் கேக் எடுத்துக்கொண்டு போவது, ரொம்மே சீட்டாடுவது, தோற்றால் அவர் மேசையைத் தட்டுவது எல்லாம் நின்றுவிட்டன. நேர்வழி உறவுக்குத் தெருவில் தரப்படும் விலக்கு இல்லத்தின் வாசலில் செல்லாது. இன்று ஐவரும் புல்வெளியில் நின்றார்கள். அவர் தரைத்தளச் சன்னலுக்கு உள்ளே நாற்காலியில், செவிலியர் பிடித்திருந்த கைபேசியோடு. சொந்த மகளிடம் சுருக்கமாகப் பேசினார். மாணவியிடம் அதிக நேரம் பேசினார், பண்ணை வீட்டைப் பற்றி. முதல் மாதம் முழுக்க அங்கே அவருக்கு வெள்ளைத் தட்டு வைத்தார்களாம். மற்றப் பிள்ளைகளுக்கு எனாமல் தட்டு. ஒரு நாள் வெள்ளைத் தட்டு உடைந்தது. அடி விழும் என்று நடுங்கினார். அடி விழவில்லை, மறுநாள் எனாமல் தட்டு வந்தது. அதன் ஓரத்தில் எனாமல் உதிர்ந்த இடத்தைக்கூட இன்னும் கையால் காட்டுகிறார். பின் ஹோஸ்ட் அம்மாவின் கைபேசியில் சார்ஜ் தீர்ந்தது.

வரும் வழியில் யாரும் பேசவில்லை. இன்று கழிவறை முறை மாணவியுடையது, செய்து முடிக்கப்பட்டது.

ஏப்ரல் 27, திங்கள்

கடையிலும் பேருந்திலும் முகக்கவசம் கட்டாயம். ஹோஸ்ட் அம்மா பழைய படுக்கை விரிப்பிலிருந்து ஐந்து தைத்தார்.

மே 7, வியாழன்

வெளிநாடுகளில் சிக்கியவர்களை அழைத்துவரும் வந்தே பாரத் விமானங்கள் இன்று தொடங்கின. முதல் கட்டத்தில் வளைகுடா நாடுகள், அமெரிக்கா, பிரிட்டன், சிங்கப்பூர், மலேசியா உள்ளிட்ட 12 நாடுகள். ஜெர்மனி இல்லை. கட்டணம் பயணிகளுடையது; இறங்கியதும் 14 நாள் தனிமைப்படுத்தல், அதற்கும் கட்டணம். வேலை இழந்த தொழிலாளர், விசா முடிபவர், நோயாளிகள், கர்ப்பிணிகள், முதியோர், குடும்பத்தில் சாவு நேர்ந்தவர் ஆகியோரோடு மாணவர்களும் முன்னுரிமை வரிசையில் இருக்கிறார்கள். தூதரகத்தில் பெயர் பதிந்தாயிற்று. வளைகுடாவில் வேலையும் அறையும் போனவர்களுக்கு முன்னால் சூடான அறையில் இருப்பவர் நிற்பது சரியா என்று ஹோஸ்ட் அப்பாவிடம் கேட்டபோது, பதிவது உன் வேலை, வரிசைப்படுத்துவது அவர்கள் வேலை என்றார். கோவையில் அப்பாவும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார்.

மே 9, சனி

மாநில அரசு நாளை, அன்னையர் தினம் முதல், முதியோர் இல்லங்களில் சந்திப்பை அனுமதிக்கிறது. இல்லத்தின் கடிதப்படி ஒரு தடவைக்கு இரண்டு பேர், தோட்டத்துக் கூடாரத்தில், இடைவெளி விட்டு, முன்பதிவோடு. முதல் ஆள் ஹோஸ்ட் அம்மா. இரண்டாவது ஆள் யார் என்பதில் மேசையில் இன்று மூன்று கருத்துகள். பையன் தனக்கு அடுத்த வாரம் போதும் என்கிறான். சிறுமி விட்டுக்கொடுப்பதாக இல்லை. பாட்டி தொலைபேசியில் சீட்டுக்கட்டைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். யாரோடு என்று சொல்லவில்லை. முன்பதிவுப் படிவத்தில் இரண்டாவது பெயர் இன்னும் நிரப்பப்படவில்லை. காலை ஒன்பது மணிக்குள் அனுப்ப வேண்டும். ஜூலையில் முடியும் வசிப்பு அனுமதி பற்றி வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு எழுதிய மின்னஞ்சலுக்கும் பதில் வரவில்லை.