விகடகவியும் உலாவியும்

ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் சிலர் செடிகளைப் பராமரிப்பார்கள். சிலர் மீன் தொட்டியைக் கழுவுவார்கள். நான் சின்னச் சின்ன இணையப்பக்கங்களைச் செய்து பார்ப்பேன். இதற்குச் செலவு அதிகமில்லை. எழுதுவதற்கு ஓர் எளிய மென்பொருளும் எழுதியதைத் திறந்து பார்க்க ஓர் உலாவியும் போதும். பக்கத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதை எச்டிஎம்எல் சொல்லும். அது எப்படித் தோன்ற வேண்டும் என்பதைச் சிஎஸ்எஸ் சொல்லும். நாம் தொட்டால், இழுத்தால், அழுத்தினால் பக்கம் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்வது ஜாவாஸ்கிரிப்ட். பிரண்டன் ஐக் என்பவர் 1995ஆம் ஆண்டில் அதன் முதல் வடிவத்தைப் பத்தே நாள்களில் எழுதினார். அந்த அவசரத்தின் அடையாளங்கள் அதில் இன்றும் உண்டு. ஆனாலும் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

ஒரு பள்ளி விடுமுறையின்போது மாலைமாற்றுக்காக ஒரு பக்கம் செய்தேன். முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் மாறாமல் இருப்பதே மாலைமாற்று. திருஞானசம்பந்தர் ஒரு பதிகத்தையே இந்த முறையில் பாடியிருக்கிறார். என் பக்கம் அவ்வளவு பெரிய வேலை எதையும் செய்யாது. ஒரு சொல்லைத் தட்டச்சு செய்தால், ஒவ்வோர் எழுத்தும் ஒரு வண்ண அட்டையில் தோன்றும். பொத்தானை அழுத்தினால் அட்டைகள் ஒவ்வொன்றாகச் சுழன்று, வரிசை தலைகீழாக மாறும். மாலைமாற்று என்றால் எல்லாம் பச்சையாகும், இல்லையென்றால் சிவப்பாகும்.

எழுத்துகளை எப்படிப் பிரிக்க வேண்டும் என்று நான் உலாவிக்கு எதுவும் சொல்லவில்லை. அது தானாக என்ன செய்கிறது என்று பார்க்க விரும்பினேன். ‘விகடகவி’ என்று தட்டச்சு செய்தேன். ஐந்து எழுத்துகளுக்கு ஏழு அட்டைகள் வந்தன! ‘வ’ ஓர் அட்டையில் நின்றது. அதன் இகரக் குறி, புள்ளிகளால் ஆன ஒரு வட்டத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்த அட்டையில் தனியாக நின்றது. பொத்தானை அழுத்தியதும் கடைசியில் இருந்த குறி முதலில் வந்து நின்றது. எல்லா அட்டைகளும் சிவப்பாயின.

உயர்நிலை இரண்டில் படிக்கும் என் அக்காள் மகள் அருகில் அமர்ந்திருந்தாள்.

“அப்படியென்றால் விகடகவி மாலைமாற்று இல்லையா, சித்தி? எங்கள் ஆசிரியர் தவறாகச் சொல்லிவிட்டாரா?”

அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. ஆசிரியர் ஒன்றும் கணினி வேறொன்றும் சொன்னால், அவள் கணினியைத்தான் நம்புவாள் போலிருந்தது. அதுவரை அட்டைகள் சுழலும் அழகில் எனக்கிருந்த ஆர்வம் சட்டென்று அடங்கியது. தமிழில் எழுத்து என்றால் என்ன என்பதை ஓர் இயந்திரம் அவளுக்கு மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஒரு தாளை எடுத்து அவளுக்கு விளக்கினேன். கணினி எழுத்துகளை எண்களாகவே சேமிக்கிறது. ஒருங்குறியில் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி உண்டு. நம்முடைய 247 எழுத்துகளுக்கும் அங்கே தனித்தனி எண் இல்லை. இந்திய மொழிகளுக்காக 1988இல் வகுக்கப்பட்ட ஒரு பொதுக் குறியீட்டு முறையைப் பின்பற்றி அந்தப் பகுதி அமைந்தது. அதன்படி ‘வி’ என்பது ‘வ’வும் இகரக் குறியும் சேர்ந்தது. ‘வ்’கூட ‘வ’வும் புள்ளியும் சேர்ந்ததுதான். நம் இலக்கணமோ இதற்கு நேர்மாறானது. ‘வ்’ என்னும் மெய்யோடு ‘அ’ சேர்ந்தால்தான் நமக்கு ‘வ’ கிடைக்கும்.

“அப்படியானால் கணினிக்கு உயிர்மெய் முதலில் பிறந்து, மெய் பிறகு பிறந்ததா?” என்று கேட்டுச் சிரித்தாள். நல்ல கேள்விதான். ‘தமிழ்’ என்னும் சொல்லையும் எண்ணச் சொன்னோம். ஐந்து என்றது உலாவி.

இதற்குத் தீர்வும் உலாவிக்குள்ளேயே இருக்கிறது. செக்மென்டர் என்னும் கருவி, நம் கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரிவதை ஓர் எழுத்தாகவே பிரித்துத் தரும். குரோம் உலாவியில் அது 2020இல் வந்தது. 2024இல் ஃபயர்ஃபாக்ஸும் அதைச் சேர்த்துக்கொண்ட பிறகே முக்கிய உலாவிகள் அனைத்திலும் கிடைக்கிறது. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995ஆம் ஆண்டிலேயே தமிழை இணையத்தில் ஏற்றிவிட்டார். எழுத்தை எழுத்தாக எண்ணும் இந்தச் சிறிய வசதி எல்லா உலாவிகளுக்கும் வந்து சேர ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆனது எனக்கு இன்னும் வியப்பாகத்தான் இருக்கிறது.

நிரலில் இரண்டு வரிகளை மாற்றினேன். ‘விகடகவி’ ஐந்து அட்டைகளில் வந்தது, சுழன்றது, பச்சையானது. அவள் உடனே ‘தேரு வருதே’ என்று தட்டச்சு செய்தாள். ஆறு அட்டைகள் வந்தன. இடையில் ஒன்று வெறுமையாக இருந்தது. இரண்டு சொற்களுக்கு நடுவிலுள்ள வெளியையும் உலாவி எண்ணியிருந்தது. திருப்பியபோது அந்த வெற்று அட்டை இடம் மாறிவிட்டதால் மீண்டும் சிவப்பு.

இந்த முறை அவள் ஆசிரியரைச் சந்தேகிக்கவில்லை.

“இதற்கு ஒலியே இல்லையே, சித்தி. பிறகு எப்படி இது எழுத்தாகும்?” என்றாள்.

விசைப்பலகையை அவள் பக்கம் நகர்த்தினேன். வெளியை நீக்கும் கட்டளையை எந்த இடத்தில் சேர்க்க வேண்டும் என்று மட்டும் காட்டினேன். மூன்று முறை முயன்று, அந்த வரியை அவளே எழுதி முடித்தாள்.