கிரிவலப் பாதையில் ஒரு முக்கோணத் தண்டு!

திருவண்ணாமலை கிரிவலம் என்றால் 14 கிலோமீட்டர் நடை, எட்டு லிங்கங்கள், நடுவில் ஒரு சுக்கு காபி. எல்லோர் கண்ணும் மலை உச்சியில்தான் இருக்கும். மழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்களில் பகலில் நடப்பவர்கள், பாதையோரம் கொஞ்சம் குனிந்தும் பார்க்கலாம். புல் என்று நாம் தாண்டிப்போகும் பச்சையில் கோரையும் இருக்கலாம்.

வித்தியாசம் கண்டுபிடிப்பது சுலபம். தண்டை இரு விரல்களுக்கு நடுவே உருட்டுங்கள். கணு கணுவாக, உருண்டையாக இருந்தால் புல். மூன்று விளிம்புகள் விரலில் தட்டுப்பட்டால், அநேகமாகக் கோரை. இலைகளும் புல்லில் இரண்டு வரிசை, கோரையில் மூன்று வரிசை. நலங்கு மாவில் சேரும் கோரைக்கிழங்கும், பத்தமடைப் பாய்க்கான கோரையும் இந்தக் குடும்பம்தான்.

இதே குடும்பத்தில் ஈரமும் நிழலும் உள்ள இடங்களில் வளரும் ஒரு குட்டிச் செடி, ‘கில்லிங்கா நெமோராலிஸ்’. நுனியில் வெள்ளையாக ஒரு சின்ன உருண்டைப் பூங்கொத்து, அதன் கீழே விரிந்த மூன்று நான்கு இலைகள். இதுதான் அடையாளம். ‘நெமோராலிஸ்’ என்றால் லத்தீனில் ‘சோலைக்குரியது’ என்று பொருள்.

கோரைகள் அறிவியல் பெயர் பெற்ற கதையில் தமிழகத்துக்கும் பங்கு உண்டு. லின்னேயஸின் மாணவரான கோனிக், 1768-ல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தார். அவர் இங்கிருந்து அனுப்பிய செடிகள் கோபன்ஹேகனில் ராட்பெல் என்ற அறிஞரின் கைக்குப் போயின. ராட்பெல் 1773-ல் படங்களோடு வெளியிட்ட நூலில் பல கோரைகள் இடம்பிடித்தன. ‘கில்லிங்கா’ என்ற பேரினமும் அதில்தான் பிறந்தது. பீடர் கில்லிங் என்ற டென்மார்க் தாவரவியலாளரின் நினைவாக வைத்த பெயர் அது. பிற்பாடு மரபணுவை ஆராய்ந்தவர்கள், இது கோரைக்கிழங்கு இருக்கும் ‘சைப்ரஸ்’ பேரினத்துக்குள்ளேயே அடங்கும் என்றார்கள். தனி வீடு என்று நினைத்தது, கூட்டுக்குடும்பத்தின் ஓர் அறைதான்!

அண்ணாமலைக்கு இந்தப் பச்சை முக்கியம். மலை வெகுகாலம் மொட்டையாகக் கிடந்தது. கோடையில் காய்ந்த புல்லில் தீ பரவினால் இளங்கன்றுகள் கருகிவிடும். 1980-களின் இறுதியில் தொடங்கிய மரம் நடும் பணியும், தீத்தடுப்புக் கோடுகளும் சரிவுகளில் மெல்ல மெல்ல நிழலைத் திருப்பிக் கொண்டுவந்தன. நிழல் வந்தால் மண்ணில் ஈரம் நிற்கும்; ஈரம் நின்றால் சோலைச் செடிகளுக்கும் இடம் கிடைக்கும்.

அதனால் பாதையோரத்தில் தீக்குச்சியை வீசாதீர்கள். கற்பூரம் ஏற்றினால் அணையும்வரை அருகிலேயே நில்லுங்கள். செடியைப் பிடுங்கவும் வேண்டாம். தண்டைத் தொட்டு உருட்டிப் பார்த்தாலே போதும்.