அம்பாசடரின் தம்பியும் என் அண்ணனும்

அம்பாசடர் காரின் பின் சீட்டில் ஒருமுறையாவது உட்கார்ந்து போகாதவர் நம் வயதுக்காரர்களில் இருக்க மாட்டார். கல்யாணம், ஆஸ்பத்திரி, கலெக்டர் வருகை என்று எதற்கும் அந்த வண்டிதான். அதன் எஞ்சினுக்கு ஸ்போர்ட்ஸ் கார் உறவு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் கம்பெனியில் 'பி சீரிஸ்' என்று ஓர் எஞ்சின் குடும்பம் இருந்தது. அதன் 1489 சி.சி. எஞ்சினை 1955-இல் வந்த எம்.ஜி.ஏ. என்ற இரண்டு பேர் உட்காரும் திறந்த காரில் வைத்தார்கள். அதே 1489 சி.சி. எஞ்சின்தான் நம் அம்பாசடரிலும் உழைத்தது. 1962-இல் எம்.ஜி.பி. வந்தபோது அதே குடும்பத்து எஞ்சினை 1798 சி.சி. ஆகப் பெரிதாக்கினார்கள். எம்.ஜி.பி. 1980-இல் நின்றுபோனது. அம்பாசடர் கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் 2014 வரை வந்துகொண்டே இருந்தது. மூத்தவருக்கு ஆயுசு கெட்டி.

இதை எழுதக் காரணம் என் பெரியப்பா மகன். நாங்கள் காரைக்காலில் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள், ஒரே பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்கள். 1962 ஆகஸ்ட் 16-இல் பிரெஞ்சுப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தன. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். பட்டாளத்துப் பென்ஷன் வாங்கிய பெரியப்பா எழுதிக் கொடுத்தார். என் அப்பா கொடுக்கவில்லை. ஒரே அடுப்பில் சாப்பிட்ட பிள்ளைகளில் அண்ணன் பிரெஞ்சுக்காரர் ஆனார். நான் இந்திய அரசாங்கக் கிளார்க் ஆனேன். ஓய்வுக்குப் பிறகு நான் என் மனைவியின் ஊரான திருவாடானைக்கு வந்துவிட்டேன். அவர் பாரிஸ் புறநகரில் இருக்கிறார். வயது 78.

அவரிடம் 1965-ஆம் வருஷத்து எம்.ஜி.பி. ஒன்று இருக்கிறது. ரிட்டயர் ஆன பணத்தில் வாங்கியது. அண்ணி போன பிறகு அவருக்கு அதுதான் துணை. ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு போய் ஒரு காப்பி குடித்துவிட்டு வருவார். ஆயில் மாற்றுவது முதல் எல்லா வேலையும் அவரே. பிரெஞ்சில் ஆயில் மாற்றுவதை 'விதான்ஜ்' என்பார்கள். எனக்குப் போன் செய்து, "தம்பி, இன்றைக்கு விதான்ஜ்" என்று திருவிழா மாதிரி சொல்வார்.

போன வருஷம் அந்தக் குரலில் உற்சாகம் இல்லை. விரல் மூட்டுகளில் வாதம். ஆயில் ஃபில்டர் வேலையைச் செய்ய முடியவில்லை. அவர் மகள், "அப்பா, வண்டியை விற்றுவிடுங்கள்" என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னதில் தவறில்லை. ஆனால் வண்டியை விற்றால் மனிதர் வீட்டை விட்டு வெளியே வர மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

ஃபில்டர் மாற்ற விரல் எதற்கு என்று கேட்பீர்கள். மாருதி 800 வந்த பிறகு நாம் பார்ப்பதெல்லாம் டப்பா ஃபில்டர். திருகிக் கழற்று, புதிதைத் திருகி மாட்டு. அவ்வளவுதான். பழைய பிரிட்டிஷ் எஞ்சினில் அப்படி இல்லை. இரும்புக் கிண்ணம் ஒன்று எஞ்சின் பக்கவாட்டில் தலைகீழாகத் தொங்கும். நடுவில் நீளமான ஒரே போல்ட். உள்ளே எலிமென்ட், அதன் அடியில் தட்டு, வாஷர், ஸ்பிரிங். போல்ட்டைத் தளர்த்தினால் சூடான கறுப்பு எண்ணெயோடு கிண்ணம் கையில் இறங்கும். உண்மையான வேலை அதற்குப் பிறகு. மேலே இருக்கும் வார்ப்பின் காடியில் ஒரு ரப்பர் ரிங் இறுகி ஒட்டிக்கொண்டிருக்கும். அதை ஊசியால் நெம்பி எடுத்து, புது ரிங்கை முறுக்கில்லாமல் உட்கார வைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இடம், விரல்தான் கண். பழைய ரிங் உள்ளேயே இருக்க, அதன் மேல் புதிதை வைத்துவிட்டால் எஞ்சின் ஓடும்போது எண்ணெய் முழுதும் ரோட்டில் கொட்டிவிடும். நாலு லிட்டர் எண்ணெய் போக அதிக நேரம் ஆகாது. எண்ணெய் இல்லாமல் ஓடினால் பேரிங் போகும். பேரிங் போனால் எஞ்சினே போச்சு.

இங்கே என் மைத்துனர் வீட்டு வேப்பமரத்தடியில் ஓர் அம்பாசடர் நிற்கிறது. அதைப் பார்க்கிற தேவகோட்டை மெக்கானிக்கிடம் அண்ணன் கதையைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "நம்ம வண்டியிலயும் அதே கிண்ணம்தானே ஐயா? போன் போடுங்க, காட்டுறேன்" என்றார். வீடியோவில் அண்ணனை வைத்துக்கொண்டு அம்பாசடரின் கிண்ணத்தைக் கழற்றினார். பாரிஸிலிருந்து அண்ணன், "இதேதான், இதேதான்" என்று கத்தினார். தொண்டி ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

அன்று பேசி முடிவானது இது. கிண்ணத்தை எடுத்துவிட்டு, அதே காடியில் உட்காரும் ஒரு அடாப்டர் தட்டை மாட்டுவது. தட்டின் அடியில் இருக்கும் மரையில் டப்பா ஃபில்டரைத் திருகுவது. காடி ரிங்கை ஒரே ஒரு முறை சரியாக உட்கார வைத்தால் போதும். பிறகு அதைத் தொட வேண்டியதில்லை. எம்.ஜி. கார்களுக்கென்று இந்தத் தட்டு விற்கிறது. பிற்காலத்தில் எம்.ஜி.பி. கம்பெனியே டப்பா ஃபில்டருக்கு மாறியது.

அண்ணனுக்கு ஒரு தயக்கம். "பழைய வண்டியின் அசல்தன்மை போய்விடுமே." மெக்கானிக் பதில் சொன்னார்: "ஐயா, ஒரு ஓட்டைகூடப் போடலை. கிண்ணத்தைத் துடைச்சுப் பெட்டியில வையுங்க. யாருக்கு வேணுமோ அவுங்க திரும்ப மாட்டிக்கட்டும்."

மூன்று விஷயங்களை அவர் அழுத்திச் சொன்னார். ஒன்று, பைபாஸ் வால்வு. ஃபில்டர் அடைத்துக்கொண்டால் அது திறந்து, வடிகட்டாத எண்ணெயையாவது எஞ்சினுக்கு அனுப்பும். பட்டினி கிடப்பதைவிடப் பழைய சோறு மேல். எஞ்சின் வார்ப்பில் அது இல்லையென்றால் டப்பாவுக்குள் இருக்க வேண்டும். இரண்டு, வண்டி நிற்கும்போது எண்ணெய் வழிந்து சம்புக்கே திரும்பிவிடாமல் தடுக்கும் ரப்பர் மடல். வாரம் ஒருமுறை எடுக்கும் வண்டிக்கு அது முக்கியம். இல்லையென்றால் ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் சில விநாடிகள் பேரிங் காய்ந்து சுற்றும்.

மூன்றாவது, மரை. தட்டின் மரை முக்கால் அங்குலம், அதாவது 19.05 மில்லிமீட்டர். பிரெஞ்சுக் கார்களின் ஃபில்டர்களில் 20 மில்லிமீட்டர் மரை அதிகம். மில்லிமீட்டர் டப்பா அங்குல மரையில் தொளதொளவென்று ஏறிவிடும். கையால் இறுக்கினால் இறுகியது போலவே இருக்கும். எண்ணெய் அழுத்தம் ஏறியதும் பிய்த்துக்கொண்டு போகும். அண்ணன் கடைக்குப் போனபோது கொடுத்தது அந்த 20 மில்லிமீட்டர் டப்பாதான். அவர் ஸ்கேல் வைத்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

அவர் மகளே சனிக்கிழமை வந்து கூட இருந்தாள். தட்டை மாட்டியது அவள் விரல்கள். புது டப்பாவில் எண்ணெய் நிரப்பி, அதன் ரிங்கில் ஒரு விரல் எண்ணெய் தடவி, ரிங் தொட்ட பிறகு முக்கால் சுற்று கையால் இறுக்கினார்கள். ஸ்பேனர் வேண்டாம். பிறகு எஞ்சின் பிடிக்காதபடி இக்னிஷன் வயரைக் கழற்றி வைத்து, ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றினார்கள். கேஜில் முள் எழுந்த பிறகுதான் வயரை மாட்டி ஸ்டார்ட் செய்தார்கள். ஓடும்போது 50 முதல் 80 பவுண்டு அழுத்தம் இருக்க வேண்டும் என்பது கம்பெனி கணக்கு. முள் 60-இல் நின்றது. அரை மணி ஓட்டிவிட்டு வந்து அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வைத்தார்கள். காலையில் ஒரு சொட்டுகூட இல்லை என்று படம் அனுப்பினாள். விற்பதைப் பற்றி அதன்பின் அவள் பேசவில்லை. அடுத்த விதான்ஜுக்கும் வருவதாகச் சொல்லியிருக்கிறாளாம்.

எண்ணெய் ஃபில்டர் காருக்கு வந்ததே 1923-இல், அமெரிக்காவில். அதற்கு முன் அடிக்கடி எண்ணெய் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. உங்கள் வீட்டுக் கொட்டகையிலும் ஓர் அம்பாசடர் தூசி படிந்து நிற்கலாம். நம் கடற்கரை உப்புக்காற்றுக்கு நின்ற வண்டிதான் சீக்கிரம் பழுதாகும். அதை எடுக்க நினைத்தால் பெயின்ட் கடைக்குப் போகாதீர்கள். முதலில் அந்தக் கிண்ணத்தைத் திறந்து பாருங்கள். காடியில் எத்தனை ரிங் இருக்கிறது என்று விரலை விட்டு எண்ணுங்கள். ஒன்றுதான் இருக்க வேண்டும்.