வேகமா சுத்தினா வித்தையா?

விருதுநகர் பங்குனிப் பொங்கல்.
ஒரு பையன் சுருள்வாள் சுத்தினான்.
விசில் பறந்துச்சு. நானும்தான் அடிச்சேன்.

பக்கத்துல நின்ன பெரியவர் வாளப் பாக்கவே இல்ல.
"காலடி சரியில்லப்பா. வாள் போற பக்கம் இவன் போறான்"னாரு.

அட, ஆமா!
சுருள்வாள்ல கஷ்டம் சுத்துறது இல்ல, திருப்புறது.
வளையிற தகடு. திசை மாத்தும்போது வேகம் செத்தா, சுத்துறவன் மேலயே பாயும்.

சுருள்வாளும் சேர்ந்ததுதான் சிலம்பம். அதுல தொடுமுறைன்னா கம்பு பட்டா புள்ளி, கதை முடிஞ்சது.
2024 ஜனவரியில நம்ம மாநிலத்துல நடந்த கேலோ இந்தியா விளையாட்டுப் போட்டி வரைக்கும் சிலம்பம் போயிருச்சு.
ஆனா தனியா சுத்திக் காட்டுறதுக்கு மார்க் போடுறதுதான் சிக்கல்.

நான் சிவகாசிக்காரன். சத்தம் பெருசா இருந்தா நல்ல வெடின்னு நம்புற ஆளு. என் விசிலுக்கு என்ன மதிப்பு!

ஆசான்மாரே, நீங்க முதல்ல எதப் பாப்பீங்க?
காலடியா, வாளா?