ஊர்ச்சோறு தேடிச் சென்றோம்

யூபிலி மலரொன்றிற் கல்லூரியின் வரலாற்றை எழுதுவோர் உளர்; ஆசிரியப் பெருமக்களின் அருங்குணங்களைப் போற்றுவோர் உளர்; விளையாட்டுத் துறையில் ஈட்டிய வெற்றிகளை விரித்துரைப்போரும் உளர். அவர்களெல்லாம் தத்தம் பணியைச் செவ்வனே செய்வரென்னும் நம்பிக்கையினாலே நாம் வயிற்றைப் பற்றிச் சிறிது எழுதத் துணிந்தோம். செவியுணவுக்கு முதலிடம் தந்த வள்ளுவப் பெருந்தகையும் வயிற்றை அறவே மறந்தாரல்லர். விடுமுறையிற் புறப்படும் எவர்க்கும் நாளொன்றுக்கு மும்முறை எதிர்ப்படும் சிக்கல் இது. நல்ல உணவு, கைக்கு அடங்கும் விலை, அந்த மண்ணுக்கே உரிய சுவை ஆகிய மூன்றும் ஒரே இலையில் வந்து அமைதல் அத்துணை எளிதன்று.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் நாம் நால்வர், ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள், ஆலையடிவேம்பிலே தங்கிக் கல்முனை தொடக்கம் பாணமை வரை ஆறு நாள் உலாவினோம். எம்முள் ஒருவர் கொழும்பிற் கணக்காளர். ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர்; மச்சம் தொடாதவர். இன்னொருவர் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கனடாவில் வாழ்பவர். தங்கிய வீடு இக்கனடா அன்பரின் தாய்வீடே. தாயார் மறைந்தார், சகோதரியும் புலம்பெயர்ந்தார், வீடு பூட்டிக் கிடந்தது. பூட்டைத் திறந்து உட்சென்றபோது கூரை இருந்தது, கிணற்றில் நீர் இருந்தது, வளவிலே தென்னைகள் காய்த்துத் தொங்கின. அடுப்பு மட்டும் எரியவில்லை. எம் நால்வரில் எவருக்கும் தேநீருக்கு அப்பால் ஒன்றும் ஆக்கத் தெரியாது என்பதை வாசகர் ஊகித்திருப்பர்.

அயலூர் அன்பர்களுக்காக ஒன்று கூறவேண்டும். எமது கரையோரத்திலே தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் குடி தாய்வழியாக வருவது. வீடும் பெண்ணுக்கே சீதனம். மணமகன் மனைவி வீட்டிற் சென்று குடிபுகுவான். மகள் தாயின் வளவை விட்டுப் பெயர்வது அரிது. ஆகவே அம்மியும் குழவியும் உரலும் உலக்கையும் மட்டுமன்றி, எந்தக் கறிக்கு எந்தப் பால், முதற்பாலா கடைப்பாலா, புளியை எப்பொழுது விடுவது என்னும் அறிவும் அதே அடுக்களையிலே தாயிடமிருந்து மகளுக்குக் கைமாறி வந்துள்ளது. எவரும் அதனை ஏட்டில் எழுதவில்லை. விலை கூறி விற்றவரும் மிகச் சிலரே. வீதியோரக் கடைகளிற் பராட்டாவும் கொத்து ரொட்டியும் பொரித்த சோறும் மலிந்திருக்க, வீடுகளில் உண்ணப்படுவது வெளிக்கு வராமற் போனதற்கு இதுவே காரணமென்பது எமது எண்ணம். மகள் கடல் கடந்து போய்விட்டால் அவ்வறிவுக்கு என்ன நேருமென்பதை அந்தப் பூட்டிய வீட்டில் இருந்தபோது நாம் உணர்ந்தோம்.

முதல்நாள் அறுகம்பைக்குச் சென்றோம். சித்திரை தொடக்கம் ஐப்பசி வரை அலைச்சறுக்கு வீரர்கள் உலகின் எத்திசையிலிருந்தும் வந்து குவியும் இடம் அது. அங்கு ஒரு விடுதியின் உணவுப் பட்டியலில் இத்தாலியர் உணவும் மெக்சிக்கோ நாட்டார் உணவும் இருந்தன. சோறுங் கறியும் வேண்டுமாயிற் காலையிலேயே சொல்லி வைத்தல் வேண்டும் என்றார்கள். சொல்லி வைத்தோம். வந்தது பருப்பு, போஞ்சி, கரட் ஆகியவற்றுடன் ஒரு துண்டு மீன். உறைப்புக்கு அஞ்சுவோர் உண்பதற்கென்றே ஆக்கியதாதலிற் குற்றங் கூறுதற்கு இல்லை, புகழ்தற்கும் இல்லை. எமது கணக்காளர் சீட்டை இருமுறை கூட்டிப் பார்த்தார். பொத்துவில் பட்டினத்திலே நாம் நால்வரும் வயிறார உண்ணக்கூடிய தொகை ஒருவர் தட்டுக்கு ஆகியிருந்தது.

விடுதிக்காரரை நாம் நோகவில்லை. 2004 இற் கடல் எழுந்து வந்து அக்கரையைத் துடைத்தது. 2019 இல் உயிர்த்த ஞாயிறுக் குண்டுகள் வெடித்தபின் பிரயாணிகள் வரவில்லை. அதனைத் தொடர்ந்து கொள்ளைநோய். 2022 இல் எரிவாயுவும் எரிபொருளும் இல்லாத பஞ்சம். ஆண்டு முழுவதற்குமான செலவை ஆறு ஏழு மாதத்தில் ஈட்டவேண்டியவர், எவர் பணம் தருகிறாரோ அவர் நாவுக்கே சமைப்பார்.

அன்றிரவு திண்ணையில் இருந்தபோது கனடா அன்பர் பாலித் தீவைப் பற்றிக் கூறினார். இந்தோனேசியாவில் இந்து சமயத்தவர் பெரும்பான்மையராக வாழும் தீவு அது என்பதை வாசகர் அறிவர். அவர் அங்கே குடும்பத்தோடு பத்து நாள் விடுமுறை கழித்தவர். கூட்டாக் கடற்கரையிலே, அறுகம்பையிற் போலவே, ஊர் உணவு என்ற பெயரில் வேறேதோ கிடைத்ததாம். பின்னர் உள்வீதிகளில் நுழைந்து, "வாருங்" எனப்படும் சிறு குடும்பக் கடைகளைத் தேடிப் பிடித்தார். தாய் ஆக்குவாள், மகன் பரிமாறுவான். வாயிலிலே தென்னோலைக் குருத்தால் இழைத்த சிறு தட்டிற் பூவும் சோறும் வைத்துக் காலையிற் பூசை நடந்திருக்கும். "நாசி சம்புர்" என்று கேட்டாற் சோற்றைச் சுற்றி ஏழெட்டு வகைக் கறியும் சுண்டலும் சிறிது சிறிதாக வைத்துத் தருவர். "நாசி" என்பது சோறு. உள்ளங்கையளவு வாழையிலைப் பொதியாகவும் சோறு விற்பார்கள். அதற்கு "நாசி ஜிங்கோ" என்று பெயர். எமது சோற்றுப் பொதியின் தம்பி என்று கொள்க. சிறுவெங்காயத்தையும் மிளகாயையும் சேராவையும் பச்சையாகவே அரிந்து, சூடான தேங்காயெண்ணெய் ஊற்றிப் பிசைவதைச் "சம்பல் மாதா" என்பர். இந்துக்களாயினும் பன்றியிறைச்சி அவர்களது விழா உணவு. அது கேட்டு எமது ஆசிரியர் காதைப் பொத்திக்கொண்டார்.

சம்பல் என்னுஞ் சொல் எம்மிடம் எங்ஙனம் வந்தது என்று வினா எழுந்தது. அது மலாய்ச் சொல்லே. ஒல்லாந்தர் காலத்திற் சாவகத் தீவிலிருந்தும் அயற்றீவுகளிலிருந்தும் போர்வீரராகவும், நாடு கடத்தப்பட்டவராகவும் இலங்கைக்கு வந்த மக்களோடு வந்தவற்றுள் அதுவும் ஒன்று. பெருநாட் பலகாரமாகிய தொதலும் அவ்வழியினதே. பாலியிலும் அதே பண்டத்தை ஏறக்குறைய அதே பெயராற் பண்டிகைக்குக் கிண்டுகிறார்கள். வட்டிலப்பத்தையும் மலாயரே கொணர்ந்தனர் என்பர். ஆயினும் பெயர் மட்டும் தமிழாக இருக்கின்றது. இவ்வாராய்ச்சி நள்ளிரவு வரை நீண்டது. முடிவில் அன்பர் கூறியது வேறு: "மொழி தெரியாத பாலியிலே பத்து நாளும் எனக்கு ஊர்ச்சோறு கிடைத்தது. பிறந்த ஊரிலே கிடைக்கவில்லையே!" அதற்குப்பின் ஒருவரும் பேசவில்லை.

மறுநாள் தொடக்கம் நாமும் தேடத் தலைப்பட்டோம். பழகிக் கண்ட சிலவற்றைப் பின்வருவோர்க்காகக் கூறுவோம். மதியச் சோற்றுக்கு, லொறிச் சாரதிகளும் வயலுக்குப் போவோரும் நுழையுங் கடையே தக்கது. பன்னிரண்டரைக்கு முன் செல்லவேண்டும், ஒரு மணிக்கு நல்ல மீன் முடிந்துவிடும். அக்கரைப்பற்றுச் சந்தைப் பக்கத்திலும் கல்முனையிலும் கரைவலை மீன் வந்த அன்றைக்கு அறுக்குளாவை எதிர்பாராது கீரிமீனையும் சூரையையும் கேட்டல் நன்று. மலிவும் அதுவே, சுவையும் அதுவே. வெள்ளிக்கிழமை ஜும்ஆ வேளையில் முஸ்லிம் ஊர்களிற் கடைகள் அடைபடும். அதே நாளிலே தமிழூர்களில் மச்சம் இல்லை. இவ்விரண்டையும் அறியாது புறப்படுவோர் வாழைப்பழத்தோடு திரும்புவர். சைவ உணவினர் சம்பலைக் கண்டு ஏமாறலாகாது. இங்கே சம்பலில் மாசி இடுவது வழக்கமாதலாற் கேட்ட பின்பே கைவைத்தல் வேண்டும். எமது ஆசிரியருக்கோ ஆடி மாதம் பெருந்துணை புரிந்தது. திருக்கோவில் சித்திரவேலாயுத சுவாமி ஆலயத்தில் ஆடியமாவாசைத் தீர்த்தம் நெருங்கியிருந்தது. உகந்தையிலோ கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார்களுக்கு அன்னதானம் நடந்துகொண்டிருந்தது. பூசணிக்காய்க் கறியும் பருப்புமாக அவர் உண்ட சோற்றுக்கு விலையே இல்லை. கணக்காளர் அதனை மிகவும் பாராட்டினார்.

ஆயினும் அன்பர் தேடிய பிட்டு எங்கும் அகப்படவில்லை. மூங்கிற் குழலில் அவித்த அரிசிமாப் பிட்டு. தேங்காய்ப்பூ மாவுக்குச் சமமாக இருத்தல் வேண்டும். உடன் புளியைக் கரைத்துச் சின்ன வெங்காயமும் உள்ளியும் பச்சைக் கொச்சிக்காயும் இட்ட புளியாணம். நான்காம் நாள் அக்கரைப்பற்றிலே ஒரு தேநீர்க் கடையில் விசாரித்தோம். கடைக்காரர் சிரித்தார்.

"கடையில தேடினா எப்படிச் சேர் கிடைக்கும்? அது ஊட்டுச் சாப்பாடு. விடிய சுபஹு முடிஞ்ச கையோட வாங்க, ஓர் இடம் காட்டுறன்" என்றார்.

"சரி காக்கா, வாறம்" என்றார் எமது ஆசிரியர்.

விடியற்காலை ஒரு குறுக்கொழுங்கையில், வேலியோடு ஒட்டிய ஓலைப் பத்தியில், விறகடுப்பின் முன் ஒரு முதிய அம்மையார் இருந்தார். 2022 இல் எரிவாயு இல்லாதபோது விறகுக்கு மாறியவர் பின் திரும்பவில்லையாம். பிள்ளைகள் பாத்திரங்களோடு வரிசையில் நின்றார்கள். குழலைத் தட்டி அவர் இலையில் இட்ட பிட்டிலிருந்து ஆவி எழுந்தது. புளியாணத்தை வாயில் வைத்த அன்பர் சற்றுநேரம் மெல்லாமல் இருந்தார். நாம் வேறு பக்கம் பார்த்தோம்.

"தம்பி ஆருட மகன்?" என்று அவர் கேட்டார். அன்பர் தாயாரின் பெயரைச் சொன்னார்; வேம்படி வளவு என்றார். அம்மையாரின் கை நின்றது. "அந்த வளவில இருந்துதான் என்ட உம்மாக்குத் தேங்காய் வாறது. நானும் போயிருக்கன் மகன். பொங்கலுக்குப் புக்கை தருவாங்க, பெருநாளைக்கு நாங்க தொதல் கொண்டுபோவம். தொண்ணூறுக்குப் பொறகு அந்தப் பக்கம் போகல்ல."

பிட்டும் தேங்காய்ப்பூவும் போலத் தமிழரும் முஸ்லிம்களும் வாழ்ந்தனர் என்பது எமது பகுதியில் மேடைதோறும் ஒலிக்கும் உவமை. 1985 சித்திரையிலும் 1990 இலும் இக்கரையோரத்தில் நிகழ்ந்தவற்றைக் கண்ட எவரும் அதனை எளிதிற் சொல்லார். நாமும் அன்றுவரை அதனைப் பேச்சாளர் அலங்காரமென்றே எண்ணியிருந்தோம். அந்த ஒழுங்கையிலிருந்து அன்பர் வீட்டுக்கு நடந்தாற் கால்மணி நேரம் செல்லாது. அதனை ஒருவர் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடக்கவில்லை.

அவருக்குப் பின் குழலைப் பிடிக்க ஆளில்லை. மகள் கட்டாரில் இருக்கின்றார். பேத்தி பல்கலைக்கழகத்திற் கற்கின்றார். "இந்தப் புகையில அவளுகள் இருக்கவா?" என்று அவரே கேட்டார். அதற்கு மறுமொழி கூற எம்மிடம் ஒன்றும் இருக்கவில்லை. அவர்கள் கற்றதும் உழைப்பதும் நன்றே. வடக்கிலே பெண்கள் நடத்தும் "அம்மாச்சி" உணவகங்களைப் போல இங்கும் அமைத்தால் ஒழுங்கான அடுப்பும் கூலியும் கிடைக்குமென்று கணக்காளர் திட்டமொன்று வகுத்தார். அம்மையார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இப்ப தேங்காய் விக்கிற விலைக்கு இதுவே பெரிசு தம்பி" என்றார்.

கடைசி நாள் அன்பர் ஆளை அழைத்துத் தென்னைகளிற் காய் பறிப்பித்தார். உரித்த தேங்காய் ஐம்பதை முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு விடியலில் அவ்வொழுங்கைக்குச் சென்றோம். சும்மா வாங்க அவர் உடன்படவில்லை. ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து எண்ணினார். மூன்றைக் கழித்து ஒருபுறம் வைத்தார். எமது பிட்டுக் கணக்கை அதிற் கழித்து, மீதிப் பணத்தைச் சேலைத் தலைப்பிலிருந்து எடுத்து அன்பர் கையில் வைத்தார். அடுத்த பறிப்பு எப்பொழுது என்றும், வந்து தானே பார்த்து எடுக்கலாமா என்றும் கேட்டார். வீட்டுத் திறப்பு அயல்வீட்டில் இருக்குமென்று அன்பர் இடஞ் சொன்னார். அவர் போட்ட விலை அன்றைய சந்தை விலையிலும் ஐந்து ரூபா குறைவு என்பதைக் கணக்காளர் திரும்பும் வழியிலேதான் கண்டுபிடித்தார்.