கொழும்பு பார்க்க இறங்கும் கோச்சி

மலைநாட்டு ரயில் பாதையைப் பற்றி வரும் வழிகாட்டிகள் பெரும்பாலும் கீழிருந்து மேலே பார்க்கின்றன. கொழும்பு கோட்டையில் ஏறு, இந்தப் பக்கம் உட்கார், பாலத்தில் படம் எடு, எல்லவில் இறங்கு என்று சொல்லித்தருகின்றன. அதே தண்டவாளத்தில் எதிர்த்திசையில் போகிறவர்களுக்கு அப்படித் திட்டம் போட்டுக் கொடுப்பார் இல்லை. தோட்டத்திலிருந்து கொழும்புக்குப் போகிறவர் புறக்கோட்டைக் கடையில் வேலைக்குப் போகிறார். மஹரகம ஆஸ்பத்திரிக்குப் போகிறார். பாஸ்போர்ட் எடுக்கப் பத்தரமுல்லைக்குப் போகிறார். சும்மா சுற்றிப் பார்க்கப் போகிறார் என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. இது அப்படிப் போகும் ஒரு குடும்பத்துக்கான கணக்கு. அப்பா, அம்மா, ஒரு பாட்டி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம்.

பாதை பதுளையில் தொடங்கி ஏறத்தாழ 290 கிலோமீற்றர் ஓடிக் கோட்டையில் முடிகிறது. பதுளைக்குத் தண்டவாளம் வந்தது 1924இல். தெமோதரையில் பாதை ஒரு வட்டம் போட்டுத் தனக்குக் கீழேயே நுழைந்து வெளியே வரும். பட்டிப்பொலவில் 1,891 மீற்றர் உயரத்தைத் தொடும். அதற்கப்பால் கொழும்பு வரைக்கும் பெரும்பாலும் இறக்கம்தான்.

நானுஓயா நுவரெலியாவுக்கான ஸ்டேஷன். 1885இல் ரயில் இங்கே வந்து சேர்ந்தபோது, பாதை எதற்காகப் போடப்பட்டதோ அந்தப் பயிர் செத்துக்கொண்டிருந்தது. கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்கத்தான் 1867இல் கண்டி வரைக்கும் ரயில் கொண்டுவந்தார்கள். 1869இல் இலை நோய் தலைகாட்டியது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. 1867இலேயே லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் நட்டிருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது; கோப்பிக்காகப் போட்ட பாதையும் அதற்கே வாய்த்தது. ஹட்டனுக்கு ரயில் வந்தது 1884இல். கொழும்பில் தேயிலை ஏலம் அதற்கு முந்திய ஆண்டே, 1883 ஜூலை 30இல், தொடங்கிவிட்டது. கொழுந்து கொழும்புக்குப் போய் நூற்று நாற்பது வருடம் தாண்டியாயிற்று. கொழுந்து எடுத்தவர்கள் ஊர் பார்க்கப் போவதற்குத்தான் இன்னும் நேரம் வாய்க்கவில்லை.

திட்டத்தின் முதல் விதியை நானுஓயா பிளாட்பாரத்திலேயே முடிவு செய்துகொள்ளலாம்: காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஒரு நாளைக்கு அதற்கு மேல் வேண்டாம். பிள்ளைகளிடம் கேட்டால் தாமரைக் கோபுரம், மிருகக்காட்சிசாலை, கடல், மியூசியம், துறைமுக நகரம், கோள்மண்டலம், பாராளுமன்றம் என்று பட்டியல் நீளும். இவை ஒன்றுக்கொன்று பக்கத்தில் இல்லை. கொழும்பு வெயிலில், நெரிசலில், பாட்டியையும் கூட்டிக்கொண்டு ஏழையும் பார்த்தால், எதையும் பார்க்காமல் வீடு திரும்ப வேண்டியதுதான்.

கிறேட்வெஸ்டர்ன், வட்டகொட, தலவாக்கலை. இந்தப் பக்கத்து மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்த சி.வி.வேலுப்பிள்ளை 1947 தேர்தலில் தலவாக்கலை உறுப்பினராகப் பாராளுமன்றம் போனார். அந்தத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. அடுத்த ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அவர்களுக்கு வாக்களித்த சனங்களில் பெரும்பாலோர் நாடற்றவர்களானார்கள். அந்தச் சட்டம் நிறைவேறிய பழைய பாராளுமன்றக் கட்டடம் காலிமுகத்திடலின் வடக்கு ஓரத்தில் இன்றும் நிற்கிறது. இப்போது ஜனாதிபதி செயலகம். காலிமுகத்திடலைப் பட்டியலில் எழுதும்போது கடற்காற்று, இறால் வடையோடு இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கட்டடம் எது என்று பாட்டிக்குக் காட்ட வேண்டும்.

தலவாக்கலையை விட்டதும் சென் கிளேயர் நீர்வீழ்ச்சி தெரியும். மேல் கொத்மலை மின்திட்டம் வந்தபிறகு தண்ணீர் மெலிந்துபோயிற்று. கொட்டகலையைத் தாண்டினால் சிங்கமலைச் சுரங்கம். பிள்ளைகள் கூக்குரல் போட்டு முடிப்பதற்குள் மறுபக்கத்தில் ஹட்டன் வந்துவிடும்.

ஹட்டனில் பணக்கணக்கு. தோட்டத்து ஆளுக்கு ஒரு நாள் விடுப்பு என்றால் செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போச்சு. அடிப்படை நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாய், 2024இல் 1,350 ரூபாய் என்று ஏறிவந்திருக்கிறது. இரண்டு பேர் வேலை செய்யும் வீட்டில் ஒரு நாள் போனால் டிக்கட்டுக்கு முன்பே அவ்வளவு பணம் போகிறது. அப்படியானால் ஓய்வு நாளான ஞாயிற்றுக்கிழமை போய்வரலாமே என்று தோன்றும். சிக்கல் அங்கேதான். ஞாயிறன்று புறக்கோட்டையில் பெரும்பாலான கடைகளுக்குப் பூட்டு. நடைபாதை வியாபாரம் மட்டும்தான் இருக்கும். செட்டியார் தெருவில் நகை பார்க்க வேண்டும், மகளின் கல்யாணத்துக்குப் புடவை விலை கேட்க வேண்டும் என்றால் சனிக்கிழமை கையில் இருக்க வேண்டும். ஆகவே கிழமையை முதலில் முடிவு செய்யுங்கள், இடங்களைப் பிறகு பார்க்கலாம்.

ரயிலா பஸ்ஸா என்பதும் இங்கேயே முடிவாக வேண்டும். ஹட்டனிலிருந்து கினிகத்தேன, கித்துள்கல, அவிசாவளை வழியாக பஸ் நாலைந்து மணி நேரத்தில் கொழும்புக்குப் போய்விடும். கோச்சிக்கு அதைவிட அதிக நேரம் வேண்டும். அப்படியிருந்தும் போகும்போது ரயிலில், அதுவும் பகலில் போங்கள் என்பேன். வெளிநாட்டுக்காரர்கள் இந்தப் பாதையைப் பார்ப்பதற்கென்றே கடல் தாண்டி வருகிறார்கள். நம் பிள்ளைகளுக்கு இது வெறும் பயண நேரமாகிவிடக் கூடாது. கொழும்பில் பார்க்க வேண்டியவற்றின் பட்டியலில் இந்த ரயிலே முதலாவது. ஒரு பேருக்கு மேல் விட முடியாதவர்களுக்கு இரவு தபால் ரயில் இருக்கிறது. மாலையில் பதுளையை விட்டு விடியற்காலையில் கோட்டைக்குப் போய்விடும். எதுவானாலும் முதலில் ஸ்டேஷனில் விசாரியுங்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மண்சரிவுகளால் இந்தப் பாதையைப் பல இடங்களில் உடைத்துப்போட்டது. மலைநாட்டு ரயிலை நம்பிப் போடும் எந்தத் திட்டத்துக்கும் பஸ் வழி ஒன்று மாற்றாகக் கையில் இருக்க வேண்டும்.

ரொசல்ல, வட்டவளை, கலபொட. தேயிலைப் பச்சை குறைந்து காடு நெருங்கும். நாவலப்பிட்டியில் வண்டி கொஞ்சம் மூச்சு வாங்கும். 1874 முதல் பத்து வருடம் ரயில் வந்து நின்ற கடைசி ஊர் இதுதான். கம்பளையைத் தாண்டிப் பேராதனைச் சந்தி. சில வண்டிகள் கண்டிக்குள் போய்த் திரும்பும், சில நேராகக் கீழே இறங்கும்.

கண்டி என்றதும் கொழும்பு மியூசியத்தை நினைத்துக்கொள்ளலாம். கண்டி அரசனின் சிம்மாசனம் ஒல்லாந்தர் 1693இல் கொடுத்த பரிசு. 1815இல் ஆங்கிலேயர் கண்டியைப் பிடித்ததும் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். 1934இல் திருப்பித் தந்தார்கள். இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் முடியோடு வைத்திருக்கிறார்கள். அதில் கடைசியாக உட்கார்ந்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் மதுரை வழிவந்த நாயக்கர் குலத்தவன். வேலூருக்கு நாடு கடத்தப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தான். 1877இல் திறந்த அந்தப் பெரிய வெள்ளைக் கட்டடத்தில் எல்லா அறைகளையும் பார்க்க அரை நாள் போதாது. சிம்மாசனத்தைப் பார்த்துவிட்டு, பிள்ளைகள் விரும்பும் இன்னும் இரண்டு அறைகளைப் பார்த்துவிட்டு, எதிரே விஹாரமகாதேவி பூங்காவில் பாட்டியை மரநிழலில் உட்காரவையுங்கள்.

கடுகண்ணாவையில் ஜன்னலுக்கு வாருங்கள். இறங்கும்போது இடப்பக்கம். மலை இங்கே சட்டென்று முடிந்து, பள்ளத்தாக்கு முழுவதும் காலடியில் திறக்கும். பலன, இஹல கோட்டே என்று வளைந்து வளைந்து ரம்புக்கனைக்கு வருவதற்குள் ஸ்வெட்டரைக் கழற்றிப் பைக்குள் போட்டிருப்பீர்கள். இந்த வெக்கையைத் திட்டத்தில் சேர்க்காதவர்கள்தான் கொழும்பில் தவிக்கிறார்கள். பதினொரு மணியிலிருந்து மூன்று மணி வரைக்கும் வெளியில் நடக்கக்கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரம் சாப்பாட்டுக்கும், சொந்தக்காரர் வீட்டுப் பாய்க்கும்.

பொல்காவலைக்குப் பிறகு சமதரை. அம்பேபுஸ்ஸ வரும், நாட்டின் முதல் ரயில் 1864 டிசம்பரில் கொழும்பிலிருந்து இதுவரைக்கும்தான் வந்தது. வேயாங்கொட, கம்பஹ, ராகம எல்லாம் வேகமாகப் போகும். மருதானை வரும்போதே தாமரைக் கோபுரம் கண்ணில் பட்டுவிடும். 350 மீற்றர் உயரம். ஊரின் பல மூலைகளிலிருந்தும் தெரியும். ஐந்து பேருக்கு டிக்கட் எடுத்து மேலே ஏறத்தான் வேண்டுமா என்று யோசியுங்கள். உயரத்திலிருந்து கீழே பார்ப்பது நம் பிள்ளைகளுக்குப் புதுசில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் புறப்பட்டால் கோட்டையில் இறங்கும்போது பிற்பகல். அன்று மாலை காலிமுகத்திடல் மட்டும். அதற்கு நுழைவுக் கட்டணம் இல்லை. பிள்ளைகளுக்கோ அதுதான் பெரிய அதிசயம், ஏனென்றால் கடல். அலையில் இறங்கவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

சனிக்கிழமை காலை முதலில் தூரத்துக்குப் போய், ஸ்டேஷனை நோக்கி நடந்து திரும்புவது நல்லது. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு ஆட்டோவில் போங்கள். எந்தச் சமயத்தவரானாலும் மலையகத்துக்காரர் நேர்த்தி வைக்கும் இடம் அது. 2019 ஏப்ரல் 21இல் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பில் சிதைந்து மீண்டும் கட்டியெழுப்பப்பட்டது. அங்கிருந்து நடந்தால் செட்டியார் தெரு, நகைக்கடை வரிசை, கதிரேசன் கோயில்கள். இன்னும் நடந்தால் புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்கள், இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமான பள்ளிவாசல். இந்தத் தெருக்களில் தமிழில் பேசித் தயக்கமில்லாமல் விலை கேட்கலாம். ஊர்ப் பையன் யாராவது ஒரு கடையில் நின்றால் மதியச் சாப்பாட்டுக் கடையை அவனே காட்டுவான். மாலையில் மியூசியம், மூடும் நேரத்தை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஞாயிறு காலை தெஹிவளை மிருகக்காட்சிசாலை. மலைப் பாதை கோட்டையில் முடிந்தாலும் தண்டவாளம் முடிவதில்லை. கரையோரப் பாதையாகி கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை என்று அலைக்குப் பக்கத்திலேயே ஓடும். அந்தச் சிறிய பயணம் மிருகக்காட்சிசாலைக்குச் சமமான காட்சி. மிருகக்காட்சிசாலையில் மேடும் பள்ளமுமாக நடக்க வேண்டியிருக்கிறது என்று கொழும்புக்காரர்கள் அலுத்துக்கொள்வார்கள். மலையில் கூடை சுமந்தவர்களுக்கு அது ஒரு பொருட்டில்லை.

பிற்பகல் இரண்டு மணிக்குப் புறக்கோட்டையில் பஸ் ஏறினால் இருட்டும் நேரத்துக்கு ஹட்டன். திரும்பும்போது பஸ் ஏன் என்றால், இரவு ரயிலில் வந்தால் நடுச்சாமத்தில் ஹட்டனில் இறங்கி, தோட்டத்துக்கு பஸ் இல்லாமல் நிற்க வேண்டியிருக்கும். காலையில் பெரட்டுக்கும், அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் நேரத்துக்கும், பிந்திவிடும். மொத்தச் செலவில் பேர் கணக்கு, வேலை செய்யும் ஆளுக்கு இரண்டு நாள். இரவு ரயிலில் போனால் ஒரு நாள். அப்போது காலிமுகத்திடலைச் சனி மாலைக்கு மாற்றி, மியூசியத்தை விட்டுவிட வேண்டும். துறைமுக நகரம், கோள்மண்டலம், புதிய பாராளுமன்றம் மூன்றும் இந்தத் திட்டத்தில் இல்லை. அவற்றையும் போடச் சொல்லிப் பிள்ளைகள் அடம்பிடித்தால், எதை எடுத்துவிடலாம் என்று அவர்களையே கேளுங்கள்.